நாப்பது லைட்டும் ஒரு கைராசியும்

இக்கட்டால, இந்தப் பக்கமா வந்து உக்காருங்க அம்மிணி, அந்தப் பக்கம் அன்னூர் வரைக்கும் வெயில் அடிக்கும். சத்தியமங்கலத்துக்கா போறீங்க? நான் புளியம்பட்டியில எறங்கீருவனுங்க.

என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்குதுன்னு பாக்கறீங்களா? கோவமுங்க. வெள்ளிக்கிழமையிலருந்து மூணு நாளா ஒரே கோவம். ராத்திரி தூங்கறப்ப கூட பல்லைக் கடிக்கறனாம், என்ற ஊட்டுக்காரர் சொல்றாரு. எல்லாம் ஒரு புள்ளை மேல. இருபத்தாறு வயசு, நாகர்கோயில் பக்கம். பேரு வினிஷா. நான் மொதல்லருந்து சொல்றேன், நாயம் ஆரு பக்கம்னு நீங்களே சொல்லிப்போடுங்க.

கணபதியில ஒரு சின்னக் கம்பெனிங்க. டிரைவர் பண்றோம். டிரைவர்னா முன்னாடி உக்காந்து பஸ் ஓட்டறவரில்லீங்க. எல்ஈடி லைட்டுக்குள்ள சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி இருக்கும், அதுக்குப் பேரு டிரைவர். கரண்ட்டை அளந்து லைட்டுக்குக் குடுக்கறது அதுதான். லைட்டு எரியலைன்னா பத்துக்கு எட்டு அந்தப் பெட்டிதான் காரணம், ஆனா அல்லாரும் திட்டறது லைட்டைத்தான்.

அந்தப் பெட்டியை டெஸ்ட் பண்ற டேபிள்ல நான் பதினோரு வருசம். டேபிள்ல ஒரு பட்டன் இருக்கும், அழுத்திப் புடிச்சாத்தான் கரண்ட் போகும், உட்டா நின்னுரும். லைன்ல இருக்கற புள்ளைங்க அழுத்திப் பாப்பாங்க. எரியலைன்னா, "சாந்தாமணிக்கா, இது செத்துப்போச்சு"ன்னு என்றகிட்டக் கொண்டாருவாங்க. நான் முந்தானையில கையைத் தொடச்சுட்டு, பட்டனை அழுத்தி, "வா சாமி, வா சாமி"ன்னு சொல்லுவேன். சித்த நேரத்துல லேசா ஒரு மினுக்கு. அப்புறம் பளிச்சுனு எரியும். பத்துக்கு ஒம்போது எரியுமுங்க. ஓகே சீலைக் குத்தி அக்கட்டால வெச்சுருவேன்.

மொதலாளி என்ன சொல்லுவாரு தெரியுங்களா? "சாந்தாமணி கைராசிக்காரி." புது மாடல் போட்டா மொத பீஸை நான்தான் எரிய வெக்கோணும். ஆயுதபூஜை அன்னைக்கு அல்லா மிசினுக்கும் பொட்டு வெச்சுட்டு, மொத சுவிட்சை நான்தான் போடோணும்.

அம்மிணி, உங்களுக்குக் கொழந்தைங்க இருக்குதுங்களா? நல்லா இருக்கட்டும். எனக்கில்லீங்க. கல்யாணமாகி இருபத்திரண்டு வருசமாச்சு. எங்க தெருவுல சீர், வளைகாப்புன்னா எனக்குப் பத்திரிக்கை வரும், ஆனா போனா பின்னாடி வரிசையில உக்கார வெப்பாங்க. ஆரும் வாயைத் தொறந்து சொல்ல மாட்டாங்க, சந்தனக் கிண்ணத்தை மட்டும் என்னைத் தாண்டி அடுத்த ஆளுகிட்ட நீட்டுவாங்க. ஆனா கம்பெனியில கைராசின்னு பேரு வந்தப்புறம் பாருங்க, தெருவுல புது மோட்டாருன்னா எனக்கு ஆள் வரும். புது மிக்ஸின்னா ஆள் வரும். எதுத்த ஊட்டுல போர் போட்டாங்க, மோட்டார் சுவிட்சை நான்தான் போட்டேன். தண்ணி பீச்சி அடிச்சுது. அன்னைக்கு எனக்குத்தான் மொதல்ல சந்தனம் குடுத்தாங்க.

அதை நாசம் பண்ணிப்போட்டா அந்தப் புள்ளை. ஒரே ஒரு வார்த்தையில.

எப்படின்னு கேளுங்க. மேட்டுப்பாளையத்துக்கு அக்கட்ட ஒரு தோட்டத்துக்கு லைட்டு போயிருந்துச்சு. பொழுது சாஞ்சு சுவிட்சைப் போட்டா எரியலைன்னு திரும்பி வந்துச்சு. நான் பட்டனை அழுத்துனேன், எரிஞ்சுது. நல்லாத்தான இருக்குதுன்னு திருப்பி அனுப்புனோம். மறுபடியும் வந்துச்சு. மறுபடியும் என்ற கையில எரிஞ்சுது. இப்படி மூணு தடவை. நான் சொன்னேன், "அந்தத் தோட்டத்துக்காரங்க கை சரியில்லீங்க மொதலாளி"ன்னு. மொதலாளி தலையைச் சொறிஞ்சுக்கிட்டே போயி இந்தப் புள்ளையை இஞ்சினியருன்னு கூட்டிட்டு வந்தாரு.

வந்த புள்ளை என்ன பண்ணோணும்? பட்டனை அழுத்தோணும். நாலு நாளைக்கு பட்டனையே தொடலீங்க! பெட்டியை முன்னாடி வெச்சுட்டு கேள்வியாக் கேக்கறா. "அக்கா, இது எத்தனை நாள் கரண்ட் இல்லாம சும்மா கெடந்தது? அந்த ஊர்ல சாயங்காலம் வோல்டேஜ் எவ்வளவு வரும்?" எனக்கென்ன தெரியும்? நான் என்ன ஈபி ஆபீசா நடத்தறேன்?

அப்புறம் நான் ஓகே சீல் குத்துன பெட்டியில எரநூறு எடுத்தா. ரேக்குல அடுக்குனா. பதினஞ்சு நாளைக்கு ஆரும் தொடக்கூடாதுன்னு அட்டை எழுதி மாட்டுனா. பதினாறாம் நாள் காலையில வோல்டேஜைக் கொறைக்கற பெட்டியைத் திருகி நூத்தி எழுவதுல வெச்சு, ஒண்ணொண்ணா கரண்ட் குடுத்துப் பாத்தா. ஒண்ணு ரெண்டுன்னு அஞ்சு வரைக்கும் எண்ணுவா. அதுக்குள்ள எரியலைன்னா செகப்பு ஸ்டிக்கர். எரியறதுக்குச் சித்த நேரம் குடுக்க வேண்டாமுங்களா? ஒறம்பறை சொந்தக்காரங்களைக் கூப்பிட்டா கூட செருப்பை மாட்டிக்கிட்டுத்தான வருவாங்க! எரநூறுல அறுபத்து மூணு செகப்பு. அல்லாத்துலயும் என்ற சீலு.

லைன்ல இருந்த இருபத்திரண்டு பேரும் சுத்தி நிக்கறாங்க. மொதலாளி நிக்கறாரு. அவ ஒரு பெட்டியைத் தொறந்து மீட்டரை வெச்சுட்டு பாடம் நடத்தறா.

"சார், உள்ள ஒரு சிப் இருக்கு. அது முழிச்சாத்தான் லைட் எரியும். அதை முழிக்க வைக்க, இந்த ரெசிஸ்டர் வழியா கொஞ்சம் கொஞ்சமா கரண்ட் சொட்டும், இந்தக் கெப்பாசிட்டர்ல நெறையும். குழாயில சொட்டுற தண்ணி பானையில நெறையிற மாதிரி. நாம போட்டிருக்கிறது மட்டமான கெப்பாசிட்டர். நாள் கணக்கா சும்மா கெடந்தா, புது மண்பானை மாதிரி மொத தண்ணியை அதுவே குடிச்சிடும். வோல்டேஜும் கம்மின்னா, சொட்டறதும் போதாது. பானை சட்டுனு நெறையாது, சிப் முழிக்காது; எரியலைன்னு தோட்டத்துக்காரங்க அணைச்சுடறாங்க."

மொதலாளி கேட்டாரு, "அப்ப சாந்தாமணி கையில மட்டும் எப்படிம்மா எரியுது?"

"மத்தவங்க அஞ்சு செகண்ட்ல விட்டுடறாங்க சார். அக்கா விடாம அழுத்திப் பிடிக்கறாங்க. பானை ஊறி நெறஞ்சிடுது. அக்கா கையில ஒண்ணும் இல்ல சார்."

அக்கா கையில ஒண்ணும் இல்ல சார்.

சிரிச்சுக்கிட்டே சொன்னா அம்மிணி. பின்னாடி ஆரோ களுக்குன்னு சிரிச்சாங்க. பதினோரு வருசப் பேரு, ஒரு சொல்லுல பொக்குனு போச்சு.

அப்புறம் வந்து தோளைத் தொடறா. "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. மட்டமான கெப்பாசிட்டரை வாங்கினது நீங்க இல்லியே"ன்னு. கேட்டேனா? நான் கேட்டேனா ஆறுதலை? மொதலாளி என்னை பேக்கிங்குக்கு மாத்திப்போட்டாரு. அப்ப இவ போயி, "அக்காவை டேபிளை விட்டு எடுக்காதீங்க சார், பொறுமை அவங்களுக்குத்தான் இருக்கு"ன்னு சொன்னாளாம். எதுக்குங்கறீங்க? தனக்குக் கீழ வெச்சு வேலை வாங்கறதுக்குத்தான். எனக்குத் தெரியாதா?

சரி, அதையாவது பொறுத்துக்கிட்டிருப்பேன். லைன்ல வேலை செய்யற ஒருத்தி எங்க தெருவுலதான் குடியிருக்கா. ஊரு வாயை மூட உலைமூடி ஏதுங்க? அடுத்த வாரம் பக்கத்து ஊட்டுக்குப் புது கிரைண்டர் வந்து எறங்குச்சு. நான் முகத்தைக் கழுவி, பொட்டு வெச்சுட்டு, ஆள் வரும்னு அடுப்படியிலயே நின்னுட்டிருந்தேன். சித்த நேரத்துல செவுத்துக்கு அக்கட்டால கிரைண்டர் சுத்தற சத்தம் கேட்டுச்சு. அவங்களே போட்டுக்கிட்டாங்க.

அன்னைக்கு ராத்திரி நான் சோறு திங்கலீங்க. அன்னைக்கு நெனச்சேன், இவளை உடக்கூடாதுன்னு. என்னை எப்படி இருபத்திரண்டு பேர் முன்னாடி நிறுத்துனாளோ, அப்படி எரநூறு பேர் முன்னாடி இவ நிக்கோணும். மூஞ்சியில கரியைப் பூசிக்கிட்டு.

காலமும் வந்துச்சுங்க. மொதலாளி புளியம்பட்டிக்குப் பக்கத்துல ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்காரு. அவரோட வாழ்நாள் ஆசை. பெரிய ஹாலுக்கு நாப்பது லைட்டு, நம்ம கம்பெனி பெட்டிதான். புது கெப்பாசிட்டர் போட்டு, வினிஷாவே ஒண்ணொண்ணா டெஸ்ட் பண்ணி, பச்சை ஸ்டிக்கர் ஒட்டி, பேப்பர்ல கையெழுத்துப் போட்டு பேக்கிங்குக்கு அனுப்புனா. பேக்கிங்ல ஆரு? நான்.

ரேக்குல அந்த அறுபத்து மூணு செகப்பும் அப்படியேதான் கெடந்துச்சு, கெப்பாசிட்டர் மாத்தோணும்னு. மூணு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து, தேங்காயெண்ணெய் தொட்டு நாப்பது செகப்பு ஸ்டிக்கரை உரிச்சேன். பச்சையை ஒட்டுனேன். அவளோட நல்ல நாப்பதைத் தூக்கிப் பரணையில போட்டுட்டு, இந்த நாப்பதை அட்டைப்பெட்டியில வெச்சு மேல அவ கையெழுத்துப் போட்ட பேப்பரையும் வெச்சுக் கட்டிப்போட்டேன்.

மண்டபத்துல மாட்டுனா எலக்ட்ரீசியன் ஒருக்கா போட்டுப் பாக்க மாட்டானான்னு கேப்பீங்க. மாட்டானுங்க. மொதலாளி கண்டிப்பா சொல்லிப்போட்டாரு, திறப்பு விழா அன்னைக்கு நல்ல நேரத்துக்கு முன்னாடி ஹால்ல ஒரு லைட்டு கூட எரியக்கூடாதுன்னு. அதுங்களும் இருபது நாளா கரண்ட்டே பாக்காம மேல தொங்குச்சு. சாயங்காலத்துக்கு அந்த ஊர்ல வோல்டேஜ் இழுத்துப் புடிச்சாலும் நூத்தி எழுவதைத் தாண்டாது. விசாரிச்சுப்போட்டேன். அவ சொன்ன மாதிரியே அல்லாம் பொருந்தி வந்துச்சு.

ஏனுங்க சிரிக்கறீங்க? ஆமாங்க, இந்த ஒரு விசயத்துல மட்டும் அவ பேச்சை நான் நம்புனேன். எதிரியா இருந்தாலும் வேலை தெரிஞ்ச புள்ளைதான. அதை நான் எப்பவும் இல்லைன்னு சொன்னதில்லீங்க.

வெள்ளிக்கிழமை பொழுது சாயற ஆறு மணிக்கு நல்ல நேரம். பட்டுச்சேலை கட்டிட்டுப் போனேன். ஹால்ல ஒரு தூணோரமா எடம் புடிச்சேன், அவ மூஞ்சி நல்லாத் தெரியற மாதிரி. எரநூறு பேருக்கு மேல கூட்டம். சன்னலெல்லாம் திரை போட்டு உள்ள மங்கலா இருக்குது. மொதலாளியம்மா சுவிட்சு போடறதா ஏற்பாடு. எனக்கு உள்ளங்கையெல்லாம் அரிக்குது. போடு தாயி, சீக்கிரம் போடுன்னு நெனச்சுக்கிட்டிருக்கேன்.

அப்பப் பாத்து அந்தப் புள்ளை மேடையில ஏறி மொதலாளி காதுல என்னமோ சொல்றா. மொதலாளி தலையை ஆட்டிட்டு மைக்கைப் புடிச்சாரு. "நம்ம கம்பெனியோட மொத லைட்டையெல்லாம் பதினோரு வருசமா போட்ட கை ஒண்ணு இங்க இருக்குது. சாந்தாமணி, மேல வாம்மா. நீயே போடு"ங்கறாரு.

அம்மிணி, எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஓடிரலாமான்னு பாத்தேன். ரெண்டு பக்கமும் புடிச்சுத் தள்ளி மேல ஏத்தி உட்டுட்டாங்க. சுவிட்சு பலகை முன்னாடி நிக்கறேன். எரிஞ்சா, நான் மூணு நாள் உக்காந்து பண்ணுன வேலை பாழ். எரியலைன்னா, என்ற கை பாழ். இதுல நான் எந்தச் சாமியைக் கூப்பிடறது, என்னன்னு கூப்பிடறது?

போட்டேன்.

இருட்டு. சமையக்கட்டுப் பக்கம் மூணோ நாலோ எரிஞ்சுது, அவ்வளவுதான். ஹாலே கம்முனு ஆகிப்போச்சு. மொதலாளி மூஞ்சி செத்துப்போச்சு. ஆரும் அந்தப் புள்ளையைப் பாக்கலீங்க, அவ கையெழுத்தை ஆருக்குத் தெரியும்? அல்லாரும் என்ற கையைத்தான் பாக்கறாங்க. மொதலாளியம்மாவோட ஒறம்பறைக்காரி ஒருத்தி, மொத வரிசையில உக்காந்திருந்தவ, மெதுவாத்தான் சொன்னா, ஆனா எனக்குக் கேட்டுச்சு. "புள்ளை இல்லாதவளைப் போயா நல்ல காரியத்துக்குக் கூப்புடுவாங்க?"

சுவிட்சை அணைச்சுட்டு எறங்கி ஓடிரலாம்னு கையை இழுக்கறேன். இழுக்க முடியலை. என்ற கை மேல இன்னொரு கை. அந்தப் புள்ளை.

"கையை எடுக்காதீங்கக்கா"ன்னா, உதடு அசையாம. "அணைச்சுடாதீங்க. எப்பவும் பிடிப்பீங்களே, அப்படியே பிடிங்க."

புடிச்சேன். என்ற வாயில தானா வந்துச்சு, "வா சாமி, வா சாமி." ஒரு லைட்டு மினுக்குச்சு. பளிச்சுனு எரிஞ்சுது. அப்புறம் அதுக்கு மூணாவது. அப்புறம் அந்தக் கோடியில ஒண்ணு. பேரு சொல்லிக் கூப்பிட்டு ஒண்ணொண்ணா வர்ற மாதிரி எரியுதுங்க. ஆளுங்க கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பாக்கறாங்க. கடைசி லைட்டு நேரா மணமேடைக்கு மேல. அது எரிஞ்சப்ப ஹாலே கை தட்டுச்சு. இப்படி ஒரு லைட்டு ஏற்பாட்டைப் பாத்ததே இல்லைன்னு ஈரோட்டுக்காரர் ஒருத்தர் மொதலாளி கையைப் புடிச்சுக் குலுக்கறாரு. மொதலாளியம்மா அழுதுட்டே என்ற உள்ளங்கையில குங்குமத்தை வெச்சுட்டாங்க. அந்த ஒறம்பறைக்காரி இருக்கறாளே, அவ வந்து, அன்னூர்ல புதுசா கடை தொறக்கறோம், நீங்கதான் வந்து சுவிட்சு போடோணும்னு சந்தனக் கிண்ணத்தை நீட்டறா!

எடுத்துக்கிட்டேன். வேற என்ன பண்றது?

பந்தியில உக்காந்தா பக்கத்து எலையில அவ வந்து உக்காந்துட்டா. சாம்பாருக்குக் குழி பண்ணிக்கிட்டே, தலை நிமுராம கேக்கறா:

"நல்ல நாப்பதை எங்கக்கா வெச்சிருக்கீங்க?"

"பேக்கிங் ரூம் பரணையில"ன்னேன். வாயில வந்துருச்சுங்க! சொன்னப்புறந்தான் நாக்கைக் கடிச்சேன்.

"மூணு நாலு மட்டும் எரிஞ்சப்பவே தெரிஞ்சிடுச்சு. நான் அனுப்பினதுன்னா நாப்பதும் ஒண்ணா எரிஞ்சிருக்கும்"ங்கறா. அப்பளத்தை ஒடைக்கறா.

"போயி மொதலாளிகிட்டச் சொல்லு"ன்னேன். "இப்பவே போயிச் சொல்லு. எனக்கொண்ணும் பயமில்ல."

"சொல்ல மாட்டேன். அன்னைக்கு அத்தனை பேர் முன்னால நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. தனியா வந்து உங்ககிட்டச் சொல்லியிருக்கணும். வீட்டுக்குப் போனப்புறந்தான் உறைச்சுது." பாயசம் வந்துச்சு, வாங்கிக்கிட்டா. "இருபத்தொண்ணாம் தேதி இங்க மொத கல்யாணம். அன்னைக்கும் ஒண்ணொண்ணா எரிஞ்சா யாரும் கை தட்ட மாட்டாங்க. அதுக்கு முன்னால நாப்பதையும் மாத்தணும். திங்கக்கிழமைக்கு ஏணி சொல்லியிருக்கேன். நான் மேல ஏறுறேன், நீங்க ஏணியைப் பிடிச்சுக்குங்க."

இதுக்குத்தாங்க கோவம்! இப்பப் புரியுதுங்களா? அவ மொதலாளிகிட்டப் போட்டுக் குடுத்திருந்தா, நான் நல்லா நாலு வார்த்தை கத்திப்போட்டு, வேலையை வீசிட்டு, தலை நிமுந்து வந்திருப்பேன். ஆயுசுக்கும் அவளைத் திட்டிக்கிட்டு நிம்மதியா இருந்திருப்பேன். இவ என்னடான்னா தன் பேருல வந்திருக்க வேண்டிய பழியை வாயைத் தொறக்காம முழுங்கிட்டு, எனக்கு ஏணி புடிக்கற வேலை குடுக்கறா. இது எவ்வளவு பெரிய திமிரு! என்ற ஊட்டுக்காரர்கிட்டச் சொன்னா, "அந்தப் புள்ளை உன்னைக் காப்பாத்தியிருக்குது, போயி மன்னிப்புக் கேளு"ங்கறாரு. ஆம்பளைங்களுக்கு என்ன தெரியும்?

இன்னொண்ணு சொல்றேன், சிரிக்கக் கூடாது. அவ கை என்ற கை மேல இருந்தப்பத்தான் அல்லாம் எரிஞ்சுது. பானை ஊறுது, சிப்பு முழிக்குது, அல்லாம் சரிதான். ஆனா அவ கையிலயும் ஒரு ராசி இருக்குமோன்னு எனக்கென்னமோ மனசுல தோணுது. அவகிட்டச் சொன்னா சிரிப்பா. அதனால சொல்ல மாட்டேன்.

இருங்க, இருங்க, புளியம்பட்டி வந்துருச்சு. கண்டக்டர், ஸ்டாண்டுல எறங்கறனுங்க! ஆமாம் அம்மிணி, அந்த மண்டபத்துக்குத்தான் போறேன். நல்ல நாப்பதையும் ஸ்கூட்டர்ல கட்டிக்கிட்டு அவ காலையிலயே போயிட்டாளாம். ஏணி இருபதடி ஒசரம். தரையெல்லாம் புது டைல்ஸ், வழுக்கும். நாப்பது தடவை அவ மேல ஏறோணும், நாப்பது தடவையும் நான் கீழ நின்னு புடிக்கோணும்.

என்னங்க அப்படிப் பாக்கறீங்க? பயந்துட்டீங்களா? அட, கெட்டியாத்தான் புடிப்பனுங்க. அவ உழுந்து கைகாலை ஒடைச்சுக்கிட்டு ஊரைப் பாத்துப் போயிட்டா, அப்புறம் நான் ஆரு மேலங்க கோவப்படறது?